பெரியம்மாவுக்குப் புரிய வேண்டும்: வானொலி அறிவிப்பாளர் பதில்கள்

போன மாத இதழில், புதுச்சேரி வானொலியில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பத்துக் கடிதம் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன், ஒரு பை நிறைய வந்துவிட்டது, வாட்ஸப்பில் வந்தது தனி. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள், சரி, எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டுவிட்டேன்.

கேள்வி: அக்கா, நீங்கள் வானொலிக்கு எப்படி வந்தீர்கள்? சின்ன வயதிலேயே இதுதான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? (கல்லூரி மாணவி, புவனகிரி)

இல்லை மா. எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது, அப்புறம் எங்கே முடிவு செய்வது. கடலூர் முதுநகரில் பிறந்தேன், அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்தில் ரேடியோப் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது, வருடா வருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணமும் கட்ட வேண்டும், அதனால் தெருவுக்கு இரண்டு வீட்டில் இருந்தால் பெரிசு. மற்றவர்களுக்கெல்லாம் பார்க்கில் இருந்த பொது ரேடியோதான். சாயங்காலம் ஒருவர் வந்து சாவி போட்டுக் கூண்டைத் திறந்து திருகிவிடுவார், மேலே புனல் மாதிரி ஒலிபெருக்கி, கீழே ஜனங்கள் தரையில் உட்கார்ந்து உழவர் நிகழ்ச்சி, செய்தி, நாடகம் என்று வந்ததையெல்லாம் கேட்பார்கள். என் பெரியம்மா ஒரு நாள்கூடத் தவற மாட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அவங்க சொன்னத நம்ம பேச்சுல சொல்லுடி" என்பார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். பாதி புரியாது, ஆனாலும் சொல்லுவேன், நடுவில் எங்கேயாவது உளறினால் நின்றுவிடுவார், "என்னடி சொல்ற, திருப்பிச் சொல்லு" என்பார். எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான், அது பயிற்சி என்று தெரிய இன்னும் பன்னிரண்டு வருடம் ஆனது.

பி.ஏ. தமிழ் முடித்தேன், டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினேன், ஒரு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். 1984இல் 'இளைய பாரதம்' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர்கள் தேவை என்று வானொலியிலேயே அறிவித்தார்கள். கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து குரல் தேர்வு எழுதினேன். குரல் தேர்வை 'எழுதினேன்' என்று சொல்லக்கூடாதுதான், ஆனால் நான் போனது பரீட்சைக்குப் போகிற மாதிரிதான்: எழுத்துப் பிசகாமல், ஏற்ற இறக்கம் எல்லாம் வைத்து, மேடையில் பேச்சுப் போட்டிக்குப் பேசுகிற மாதிரி படித்துவிட்டு வந்தேன். தேர்வாகவில்லை. வெளியே வரும்போது அங்கிருந்த மூத்தவர் ஒருவர் கோபமில்லாமல் கேட்டார்: "நல்லாத்தாம்மா படிச்சே. யாருக்குப் படிச்சே?" பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. அடுத்த முறை மைக்குக்கு அந்தப் பக்கம் பெரியம்மா உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டேன். அவர் "என்னடி சொல்ற" என்று எந்த இடத்தில் நிறுத்துவார் என்று யோசித்து, அந்த இடத்தில் மெதுவாகப் போனேன், வாக்கியத்தை உடைத்தேன். தேர்வாகிவிட்டேன். சில வருடம் 'இளைய பாரதம்', அப்புறம் பகுதிநேர அறிவிப்பாளர், 1990இல் நிரந்தர வேலை, 2023இல் அறுபது வயதில் ஓய்வு. நடுவில் வந்த பதவிப் பெயர்கள் எல்லாம் மறந்தே போய்விட்டன, பெரியம்மா மட்டும் முப்பத்து மூன்று வருடமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி: இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள். (இளைஞர், முத்தியால்பேட்டை)

வெளிப்படையாகவே சொல்கிறேன் தம்பி. நிரந்தர அறிவிப்பாளர் பணியிடம் வருவது மிக அரிது. இன்றைக்கு அரசு வானொலியில் நீங்கள் கேட்கிற புதிய குரல்களில் பெரும்பாலானவை பகுதிநேரக் குரல்கள். நிலையம் அறிவிப்பு வெளியிடும், எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, நேர்காணல், அப்புறம் 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி. இத்தனையும் தாண்டி வந்தால் மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் கிடைக்காது. ஆறு நாள் வருமானத்தில் வீட்டு வாடகைகூட நிற்காது. ஆகவே கையில் வேறு ஒரு வேலையை வைத்துக்கொண்டு வாருங்கள். நான் பகுதிநேரமாக இருந்த ஐந்து வருடமும் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினேன், காலை டியூட்டி முடித்துவிட்டு ஓடுவேன்.

தனியார் பண்பலையில் சம்பளம், நேரம் எல்லாம் வேறு கணக்கு, அங்கே வேகமும் விளம்பரமும் முக்கியம். பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, 107.8, சமுதாய வானொலி. கற்றுக்கொள்ள அந்த மாதிரி இடம்தான் நல்லது என்பது என் எண்ணம். அங்கே மைக் பிடிப்பதும் நீங்களே, ஒலியை வெட்டி ஒட்டுவதும் நீங்களே, ஊருக்குள் போய் ஆளைப் பிடித்துவருவதும் நீங்களே. ஒரு வருடம் அப்படி உழைத்தவரைக் குரல் தேர்வில் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

கேள்வி: காலை டியூட்டி எப்படி இருக்கும்? (நெல்லிக்குப்பம்)

நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், ஐந்தேகாலுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அன்றைய நிகழ்ச்சித் தாளை ஒரு முறை முழுக்கப் படித்து, பாட்டெல்லாம் வரிசையில் இருக்கிறதா என்று பார்த்து, எதற்கு எத்தனை நிமிடம் என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். அப்புறம் அந்த முகப்பு இசை. தம்புராவின் மேல் வயலின் வருமே, அது 1930களில் ஐரோப்பாவிலிருந்து அகதியாக பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞர் அமைத்தது என்று சொல்வார்கள். ஊரெல்லாம் அந்த இசையைக் கேட்டுத்தான் எழுந்தது, எனக்கு அது முடியும்போது வயிற்றில் ஒரு இழுப்பு வரும். அதற்குப் பின் வந்தே மாதரம், அப்புறம் முதல் வணக்கம் நான் சொல்ல வேண்டும். கடைசி நாள் டியூட்டி வரைக்கும் அந்த இழுப்பு போகவில்லை.

நான் சேர்ந்தபோது எல்லாம் நாடா. கால் அங்குல அகலம், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும். பேட்டி கொடுப்பவர் நடுவில் இருமினாலோ, "வந்து... வந்து..." என்று இழுத்தாலோ, நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, அந்த இடத்தில் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, சாய்வாகப் பிளேடால் வெட்டி, ஒட்டுநாடா போட்டு ஒட்டுவோம். ஒரு சாண் நாடா என்றால் ஒரு நொடிக்குச் சற்றே கூடுதல். என் மேசைக்குக் கீழே சாண் சாணாக இருமல் கிடக்கும், தயக்கம் கிடக்கும், மூச்சு கிடக்கும். ஆரம்பத்தில் எல்லா மூச்சையும் வெட்டினேன், சுத்தமாக இருக்க வேண்டும் என்று. திரும்பப் போட்டுக் கேட்டால் பேசுகிறவர் மனிதராகவே தெரியவில்லை. குப்பைக்கூடையிலிருந்து மூச்சைப் பொறுக்கியெடுத்து மறுபடி ஒட்டியிருக்கிறேன். இப்போது எல்லாம் கணினித் திரையில், ஆனால் எந்த மூச்சை விட வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: டியூட்டிக்கு முன் காபியா, டீயா? (திருப்பாதிரிப்புலியூர்)

வெந்நீர். காபி, டியூட்டி முடிந்த பிறகுதான்.

கேள்வி: அறிவிப்பாளராக நல்ல குரல் பிறவியிலேயே இருக்க வேண்டுமா? குரலை எப்படிக் காப்பாற்றினீர்கள்? (ஆசிரியை, குறிஞ்சிப்பாடி)

என் குரல் கொஞ்சம் கரகரப்பான குரல், அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன். வானொலியில் சொல் தெளிவுதான் முதல். லகர ளகர ழகரம் மூன்றும் மூன்றாகக் கேட்க வேண்டும். ஒரு வாழைப்பழ வியாபாரி பேசுகிற நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் 'வாளப்பளம்' என்றால் அந்த வியாபாரிக்கே சங்கடமாக இருக்கும். வீட்டில் தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன், அதிலும் வணிகப் பக்கத்தை, ஏனென்றால் எண்கள் நிறைய இருக்கும், எண்ணில்தான் நாக்கு தடுக்கும். மைக்குக்கு நேராக உட்காராமல் கொஞ்சம் சாய்ந்து பேசினால் 'ப' வரும்போது காற்று மோதுகிற சத்தம் வராது. சளி பிடித்தால் மிளகுப் பால் எல்லாம் சரிதான், ஆனால் அன்றைக்குப் பேசாமல் இருப்பதுபோல ஒரு மருந்து இல்லை. வகுப்பில் கத்திப் பேசுகிற உங்களுக்கு இதுதான் முக்கியம் என்பேன்.

கேள்வி: ஒலிபரப்பில் நீங்கள் செய்த பெரிய தவறு எது? (லாஸ்பேட்டை)

மணியைத் தவறாகச் சொன்னது. காலை ஆறு பத்துக்கு, ஏழு பத்து என்று சொல்லிவிட்டேன். அடுத்த பாட்டு முடிந்ததும்தான் உறைத்தது, உடனே திருத்திச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். நான்கு நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஒருவர் நான் சொன்ன நேரத்தை நம்பி, சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார், அவர் வீட்டுக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது, ஆனால் ரேடியோவே சொல்லிவிட்டது, கடிகாரம்தான் தப்பு என்று அதைத் திருப்பி வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். திட்டி எழுதவில்லை, "தாங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று இருந்துவிட்டேன்" என்றுதான் எழுதியிருந்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து மணி சொல்வதற்கு முன் சுவர்க் கடிகாரத்தை விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன், தனியாக உட்கார்ந்திருந்தாலும்.

கேள்வி: கடலுக்குப் போகிற நாங்கள் உங்கள் குரலில் புயல் எச்சரிக்கை கேட்டு வளர்ந்தோம். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன ஓடும் மனசுக்குள்? (மீனவர், தேவனாம்பட்டினம்)

அண்ணே, உங்களுக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குச் செய்தி வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததில் உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வானிலை அறிக்கையை வந்தபடியே வாசிப்பேன்: வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று. ஒரு நாள் நேயர் தொலைபேசி நிகழ்ச்சியில் ஒரு பெரியவர் பேசினார். பாட்டுக் கேட்கவில்லை. "எம்மா, நீ சொல்ற கிலோமீட்டரு எங்களுக்குத் தெரியாது. வாடையா, கொண்டலா, கச்சானா, அதச் சொல்லு. கரையில நின்னா மூஞ்சில அடிக்குமா, முதுகுல அடிக்குமா, அதச் சொல்லு" என்றார். பெரியம்மாவின் "என்னடி சொல்ற" என் காதில் மறுபடி விழுந்த மாதிரி இருந்தது. அறிக்கையில் ஒரு எழுத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, மாற்றவும் கூடாது. ஆனால் அறிக்கையை அப்படியே வாசித்துவிட்டு, மீனவர் நிகழ்ச்சியில் காற்றுக்கு உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம், கூண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கலாம். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை உண்டு, எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம், அது பலருக்குத் தெரியாது. அதையெல்லாம் பேசினோம்.

தானே புயல், 2011 டிசம்பர். 29ஆம் தேதி இரவு டியூட்டியில் இருந்தேன், 30ஆம் தேதி காலை கடலூரை ஒட்டிக் கரையைக் கடந்தது. கண்ணாடி ஜன்னல் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது, ஸ்டுடியோவுக்குள் மட்டும் வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை, அந்த அமைதிதான் பயமாக இருந்தது. எனக்குப் பதிலாக வர வேண்டியவர்கள் வர முடியவில்லை, சாலையெல்லாம் மரம். இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. என் தங்கை பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் முந்திரித் தோப்புக்கு நடுவில் இருக்கிறாள், போன் எடுக்கவில்லை, டவர் எல்லாம் விழுந்துவிட்டது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் மைக்கில் உட்கார்ந்து, மின்கம்பி அறுந்து கிடந்தால் மிதிக்காதீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மா அதற்குப் பல வருடம் முன்பே போய்விட்டார். அந்த இரண்டு நாளும் மைக்குக்கு அந்தப் பக்கம் தங்கையைத்தான் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒருவர் பைக்கில் வந்து தகவல் சொன்னார். வீட்டு ஓடு போய்விட்டது, பலா மரம் இரண்டும் வேரோடு சாய்ந்துவிட்டன, ஆட்கள் பத்திரம். தங்கை சொல்லி அனுப்பியிருந்தது ஒரே வரி: "அக்கா குரல் கம்முது, சுடுதண்ணி குடிக்கச் சொல்லுங்க." அவள் பழைய டிரான்சிஸ்டரில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று, செய்தி நேரம் மட்டும் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, செல்லை வெயிலில் வைத்து எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். நான் ஒரு நாளில் எத்தனை வார்த்தை வீணாகப் பேசுகிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். புயல் நேரத்தில் என்ன ஓடும் என்று கேட்டீர்களே, கேட்கிறவருடைய பேட்டரி ஓடும் அண்ணே.

கேள்வி: உங்களுக்கு வழிகாட்டிகள் யார்? (விருத்தாசலம்)

பட்டியல் போட்டால் விட்டுப்போனவர்கள் வருத்தப்படுவார்கள், மூன்று பேர் சொல்கிறேன். தென்கச்சி கோ. சுவாமிநாதன்: விவசாயம் படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் உழவர் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டவர், பிறகு சென்னையில் 'இன்று ஒரு தகவல்'. சிரிக்கவைக்கிற கதையை அவர் சிரிக்காமல், யாருடனோ திண்ணையில் பேசுகிற மாதிரி சொல்வார், அந்த நிதானம் உழவர்களுடன் பேசிப் பேசி வந்தது என்று நான் நினைக்கிறேன். அடுத்து, டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமி. தன் பெயரைச் சொல்லும்போதுகூட ஒரு எழுத்து மங்காது. மூன்றாவது இலங்கையிலிருந்து பி.எச். அப்துல் ஹமீத். கடலூர்க் கடற்கரைக்கு இலங்கை ஒலிபரப்பு உள்ளூர் மாதிரி கேட்கும், எங்கள் கல்லூரித் தோழிகள் பாதிப் பேர் அவர் தமிழைப் பிரதி எடுத்துப் பேசிப் பார்த்தவர்கள்தான்.

கேள்வி: வேலை நேரம் போக உங்கள் பொழுதுபோக்கு என்ன? (அரியாங்குப்பம், வில்லியனூர், சிதம்பரம் என ஏழு பேர்)

சத்தம் சேர்ப்பது. ஸ்டாம்ப் சேர்ப்பார்கள், காசு சேர்ப்பார்கள், நான் 1996லிருந்து சத்தம் சேர்க்கிறேன். முதலில் தோளில் மாட்டுகிற சொந்த கேசட் ரெக்கார்டர், இப்போது உள்ளங்கை அளவில் ஒன்று, அதற்குக் காற்றுச் சத்தம் விழாமல் இருக்கப் பழைய ஸ்வெட்டர் துணியில் நானே தைத்த ஒரு தொப்பி. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடிகாலை மீன் ஏலம், சாணை பிடிக்கிறவரின் சக்கரம், "அம்மி கொத்தறதே, ஆட்டுக்கல்லு கொத்தறதே" என்ற குரல், வில்லியனூர்த் தேர். தேர் என்றால் எல்லோரும் மேளத்தைப் பதிவு செய்வார்கள், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற அரை வார்த்தைகள், கட்டை சக்கரத்தில் மாட்டி நெரிபடும் சத்தம், அத்தனை பெரிய தேர் ஒரு மரக்கட்டையில் நின்றவுடன் கூட்டம் விடுகிற மூச்சு. வில்லியனூரில் மண்பானை செய்கிறவர்கள் விற்பதற்கு முன் பானையைச் சுண்டிப் பார்ப்பார்கள், நல்ல பானை கிண்ணென்று கேட்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துவிடும். ஒரு மதியம் முழுக்க இருபது பானையைச் சுண்டச் சொல்லிப் பதிவு செய்தேன். பொறுமையாகச் சுண்டினார் அந்த அம்மா.

இதிலே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1998இல் முதுநகரில் எங்கள் பழைய தெருவில் ஈயம் பூசுகிறவர் ஒருவரைப் பதிவு செய்தேன். தரையில் குழி, கரி, துருத்தி. பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார், 'ஸ்ஸ்ஸ்' என்று வெள்ளைப் புகை கிளம்பும், ஈயத்தை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்று, உள்ளே வெள்ளி மாதிரி ஆகிவிடும். துருத்தி ஊதிக்கொண்டிருந்தது அவர் பையன், பத்து வயது இருக்கும், தூங்கி விழுந்துகொண்டே ஊதினான். "காத்து விடுறா, தூங்காத" என்று அவர் அதட்டியதும் பதிவாகிவிட்டது. எவர்சில்வர் வந்த பின்னாடி அந்தத் தொழிலே போய்விட்டது, அவரும் காலமாகிவிட்டார். ஐந்தாறு வருடம் முன்னால் அந்தப் பையன் என்னைத் தேடி வந்தார், இப்போது பிளம்பர் வேலை செய்கிறார். அப்பாவின் போட்டோ ஒன்று இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை, உங்களிடம் இருக்கும் என்று அம்மா சொன்னார்கள் என்றார். போட்டுக் காட்டினேன். துருத்திச் சத்தம், ஸ்ஸ்ஸ், இருமல், "காத்து விடுறா, தூங்காத". அந்த வரியை மட்டும் மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார். அப்புறம் செல்போனில் ஏற்றிக்கொடுத்தேன். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊசுட்டேரி. 2008இல் புதுச்சேரிப் பக்கத்துப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் எனக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம், பைனாகுலர் வசப்படவில்லை. காதாலேயே பறவை பார்க்கிறேன். கோரைக்குள்ளிருந்து குதிரைக்குட்டி கனைக்கிற மாதிரி சின்னதாக ஒரு நடுக்கம் வந்தால் முக்குளிப்பான். கரையில் யாராவது நடந்தால் முதலில் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி, பெயரே அதுதானே. வேலிப் புதருக்குள் 'ஊப், ஊப்' என்று பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்டால் செம்போத்து. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வாய் திறக்காமல் நிற்பார், முப்பது வருடமாக இந்த விஷயத்தில் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரவில் இன்னொன்று உண்டு, தூர நிலையங்களைத் தேடிக் கேட்பது. பகலில் மத்திய அலை பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும், பொழுது சாய்ந்தால் வானத்தில் உயரத்தில் இருக்கிற அயனி மண்டலத்தின் கீழடுக்கு மறைந்துபோகும், அலை மேலே போய் எதிரொலித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். அப்படி விழுந்ததை எந்த அலைவரிசை, எத்தனை மணி, எவ்வளவு தெளிவு, என்ன இரைச்சல் என்று எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்பினால், ஆமாம் எங்களுடையதுதான் என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். சிற்றலையில் சீன வானொலித் தமிழ்ப்பிரிவு, வத்திக்கான், வேரித்தாஸ் என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017இல் வானொலியை நிறுத்தியபோது கடைசி ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு, அந்த இடத்தில் முள்ளை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் மட்டும்தான். அதையும் பதிவு செய்தேன்.

கேள்வி: செல்போன் காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்? (வில்லியனூர்)

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலன்று எங்கள் தெருவில் இதையே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை, முழங்கால் தண்ணீர், கரண்ட் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் எல்லோர் போனிலும் சார்ஜ் தீர்ந்தது. என் டிரான்சிஸ்டர் மாடிப்படியில் இருந்தது, ஆறு வீட்டுக்காரர்கள் படியில் உட்கார்ந்து கேட்டார்கள். மற்ற நாட்களில் தறி ஓட்டுகிறவர், தையல் கடைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர், சமையல் செய்துகொண்டே கேட்கிறவர் என்று கைக்கு வேலை இருப்பவர்கள் கேட்கிறார்கள். வேலை செய்கிற கைக்கு நடுவில் கண்ணைக் கேட்காத ஒரே சாதனம் இதுதான்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 12 வயது. எங்கள் பாட்டி நடவுப் பாட்டு நிறையப் பாடுவார்கள். அம்மா போனில் எப்படிப் பதிவு செய்வது? (பாகூர்)

கண்ணு, உன் கேள்வியைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் வைத்திருக்கிறேன். ஃபேனை நிறுத்திவிடு, டிவியையும். கதவைச் சாத்து. போனை ஏரோப்ளேன் மோடில் போடு, நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு கெட்டுவிடும். பாட்டியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், ஒரு துண்டை மடித்து அதன்மேல் போனை வை, கையில் பிடிக்காதே, விரல் உரசுகிற சத்தம் பாட்டை மூடிவிடும். எடுத்தவுடனே "பாடுங்க பாட்டி" என்று சொல்லாதே, கூச்சப்படுவார்கள். காலையில் என்ன சாப்பிட்டீங்க, நடவுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க, சேறு ஜில்லுனு இருக்குமா என்று கேள். பேச்சிலிருந்து பாட்டு தானாக வரும். தப்பாகப் பாடினால் நிறுத்தாதே. இன்றைக்குத் தேதி, ஊர் பேர், பாட்டி பேர் மூன்றையும் உன் குரலில் முதலில் சொல்லிவிடு, பின்னாளில் தேடும்போது உதவும். பாட்டு முடிந்ததும் உடனே அணைக்காமல், பத்து எண்ணிவிட்டு அணை. "இத எங்க ஆத்தா வேற மாதிரி பாடும்" என்று அந்தப் பத்துக்குள்தான் ஆரம்பிப்பார்கள்.